எஞ்சின் மாறியது, கிளட்ச் முழிக்கிறது: பழைய வண்டிகள் கேள்வி பதில்

பழைய வண்டியில் வேறு எஞ்சின் ஏற்றியவர்களின் கடிதங்களாகவே இந்த முறை எடுத்துக்கொண்டேன். வண்டி வேறு, ஊர் வேறு, ஆனால் எல்லாருக்கும் வலி ஒரே இடத்தில்தான், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு சாண் இடத்தில். கிள்ளான் வாசகருக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டு அவரவர் பதிலுக்கு வருவது நல்லது.

கேள்வி: ஐயா, வணக்கம். அப்பா காலத்து ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருக்கிறேன். 1965 மாடல், 1200 எஞ்சின், 6 வோல்ட். எஞ்சின் தேய்ந்துபோனதால் 1972 காடியிலிருந்து (காரிலிருந்து) கழற்றிய 1600 எஞ்சினை வாங்கி, அதனோடு வந்த ஃப்ளைவீலோடு அப்படியே ஏற்றினோம். பட்டறை மெக்கானிக், எங்கள் ஊரில் போர்மேன், போல்ட்டை முடுக்கியதும் எஞ்சின் சுற்றவே இல்லை, மறுபடி இறக்கி ஹவுசிங்கைக் கொஞ்சம் கிரைண்ட் பண்ணி ஏற்றினார். இப்போது ஸ்டார்ட்டர் கர்ரென்று அரைக்கிறது, சில சமயம் பிடிக்கிறது, சில சமயம் சும்மா சுற்றுகிறது. கிளட்சை மிதித்தால் கீச்சென்று ஒரு சத்தம். காலை எடுக்கும்போது காடியே உதறுகிறது. கிளட்ச் செட் புதுசு, பெட்டியில் 1972 என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் வாங்கினேன். போர்மேன் எஞ்சின் சரியில்லை என்கிறார், எஞ்சின் விற்றவர் கியர்பாக்ஸ் சரியில்லை என்கிறார். யாரை நம்புவது?
வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: இரண்டு பேரையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். எஞ்சினும் நன்றாக இருக்கலாம், கியர்பாக்ஸும் நன்றாக இருக்கலாம், நடுவில் இருக்கிற சாமான்களில் பாதி 1972-ஐச் சேர்ந்தது, பாதி 1965-ஐச் சேர்ந்தது. பீட்டிலில் இந்தக் குழப்பம் வருவதற்கே அந்த வண்டியின் நல்ல குணம்தான் காரணம். வருடக்கணக்கில் முன்பின்னான எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எதிரெதிரே வைத்தாலும் நாலு போல்ட்டும் நேராக உட்கார்ந்துவிடும். போல்ட் உட்கார்ந்துவிட்டது, வேலை முடிந்தது என்று எல்லாரும் கையைத் துடைத்துக்கொள்கிறோம்.

முதலில் ஃப்ளைவீல், எஞ்சினின் முனையில் சுற்றுகிற, விளிம்பில் பல் வைத்த கனமான சக்கரம். 6 வோல்ட் பீட்டிலின் ஃப்ளைவீலில் 109 பல், உங்கள் 1200-இல் கிளட்ச் 180 மி.மீ. 12 வோல்ட் வண்டியின் ஃப்ளைவீலில் 130 பல், 1600-இல் கிளட்ச் 200 மி.மீ. 130 பல் வீல் பெரியது, 6 வோல்ட் காலத்து பெல் ஹவுசிங்குக்குள், அதாவது கிளட்சை மூடியிருக்கும் கியர்பாக்ஸ் கூட்டுக்குள், அடங்காது, முதல் தடவை முடுக்கியதும் எஞ்சின் சுற்றாமல் நின்றது அதனால்தான். போர்மேன் கிரைண்ட் பண்ணியதில் தப்பில்லை, உலகம் முழுக்க பீட்டில்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் சுற்றுகிறது என்பதும் எங்கேயும் உரசவில்லை என்பதும் வேறு வேறு. அடுத்த முறை இறக்கும்போது வீலின் விளிம்பில் மார்க்கர் மையைத் தடவி, எஞ்சினைச் சேர்த்து, கையால் நாலைந்து சுற்று சுற்றி, திரும்ப இறக்கிப் பாருங்கள். மை அழிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த கியர்பாக்ஸ் கேஸ் மக்னீசியம் கலந்த உலோகம், அதன் தூள் தீப்பிடிக்கும், அணைப்பதும் கஷ்டம், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். தூளைக் குவியவிட்டுக்கொண்டே கிரைண்டரை ஓட்ட வேண்டாம்.

ஸ்டார்ட்டர் எது என்று நீங்கள் எழுதவில்லை. பழைய 6 வோல்ட் ஸ்டார்ட்டரே இருந்தால் அரைக்கிற சத்தத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை, 109 பல்லுக்குச் செய்த பினியன், அதாவது ஸ்டார்ட்டரின் சின்னப் பல் சக்கரம், 130 பல் வீலோடு சேராது. பலர் இங்கே குழம்புகிறார்கள், 6 வோல்ட் ஸ்டார்ட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தாலும் அது ஜோராகச் சுற்றும், அதனால் கரண்ட் மாற்றிவிட்டோம், ஸ்டார்ட்டர் சரி என்று விட்டுவிடுகிறார்கள். சுற்றுவது பிரச்சினையே இல்லை, பல்தான் பிரச்சினை. 12 வோல்ட் ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறீர்கள், அப்படியும் அரைக்கிறது என்றால் புஷ்ஷைப் பாருங்கள். அந்த ஸ்டார்ட்டரின் தண்டு முனை கியர்பாக்ஸ் கேஸில் உள்ள ஒரு சின்ன புஷ்ஷில்தான் தாங்கி நிற்கிறது. 6 வோல்ட் தண்டு 12.5 மி.மீ., 12 வோல்ட் தண்டு 10.9 மி.மீ. பழைய புஷ்ஷில் புதுத் தண்டை விட்டால் ஆட்டம் கொடுக்கும், பினியன் சாய்ந்து போய்ப் பல்லில் மோதும், நீங்கள் சொல்கிற மாதிரியே ஒரு நேரம் பிடிக்கும், ஒரு நேரம் பிடிக்காது. இதற்கென்றே வெளிவிட்டம் பழைய அளவிலும் உள்விட்டம் புது அளவிலும் புஷ் விற்கிறார்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. இந்தப் புஷ்ஷே தேவைப்படாத, தண்டைத் தானே தாங்கிக்கொள்ளும் ஸ்டார்ட்டரும் உண்டு. கையில் காசு இருந்தால் அதையே போடுங்கள் என்பேன். எதைப் போட்டாலும் ஃப்ளைவீல் விளிம்பில் உள்ள ரிங் கியர் பல்லை ஒரு சுற்று முழுக்கப் பார்த்துவிடுங்கள், இத்தனை நாள் அரைத்ததில் சில பல் மழுங்கியிருக்கும்.

இப்போது அந்தக் கீச் சத்தம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான், யாரும் கண்டுகொள்ளாததும் இதுதான். பெடலை மிதித்ததும் போய்க் கிளட்சை அழுத்துவது ரிலீஸ் பேரிங், பீட்டில் கியர்பாக்ஸில் அது இரண்டு வகை. 1970 மாடல் வரைக்கும் பேரிங்குக்கு இரண்டு பக்கமும் காது, அது ஃபோர்க்கில், அதாவது அதைத் தள்ளுகிற கவட்டையில், கிளிப்போடு தொங்கும், அதை நடுவில் பிடித்து வைக்க வேறு எதுவும் கிடையாது. 1971 மாடலிலிருந்து, கியர்பாக்ஸிலிருந்து எஞ்சின் பக்கம் நீட்டியிருக்கும் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி ஒரு குழாய் வந்தது, பேரிங் அந்தக் குழாயின் மேல் ஏறி நேராக முன்னும் பின்னும் போகும். இதற்கு ஏற்ற மாதிரி, கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டும் இரண்டு வகை. குழாய் இல்லாத கியர்பாக்ஸுக்கு, பிளேட்டின் நடுவை நோக்கி நீட்டியிருக்கும் நெம்புகளின், அதாவது விரல்களின், மேல் ஒரு வளையம் உட்கார்ந்திருக்கும், தொங்குகிற பேரிங் அந்த வளையத்தைத் தொட்டுத்தான் நடுவில் நிற்கும். குழாய் உள்ள கியர்பாக்ஸுக்கு வளையம் கிடையாது, பேரிங் நேராக விரல்களையே அழுத்தும்.

உங்கள் கியர்பாக்ஸ் 1965, குழாய் இல்லாதது. நீங்கள் வாங்கிய செட் 1972, வளையம் இல்லாதது. செட்டோடு வந்த பேரிங் உங்கள் ஃபோர்க்கில் உட்கார்ந்திருக்காது, அதனால் போர்மேன் பழைய பேரிங்கையே எடுத்துத் திரும்ப மாட்டியிருப்பார். நான் ஊகித்துத்தான் சொல்கிறேன், அவரிடம் கேட்டுப் பாருங்கள். அப்படிச் செய்திருந்தால், மிதிக்கும்போதெல்லாம் பேரிங் பிடிமானமில்லாமல் விரல் நுனிகளின் மேல் அலைகிறது, ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறைவாகவும் அழுத்துகிறது, சத்தம் அங்கிருந்து வருகிறது, உதறலில் ஒரு பங்கும் அங்கிருந்து வரலாம். இதை இப்படியே ஓட்டினால் விரல் நுனி தேயும், பேரிங் தேயும், அப்புறம் ஒரு நாள் கிளட்ச் விடாது.

மாறாகவும் சிலர் செய்கிறார்கள், குழாய் உள்ள கியர்பாக்ஸில் வளையம் உள்ள பிளேட்டைப் போடுவது. அது இதைவிட மோசம். பேரிங்கைக் குழாய் ஒரு மையத்தில் பிடிக்கும், வளையம் இன்னொரு மையத்தில் இழுக்கும், வளையத்தைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்து வளையம் உள்ளேயே விழுந்து சுற்றும்.

சரி, எதை வைத்து வாங்குவது? வருடத்தை வைத்து வாங்காதீர்கள். எஞ்சின் 1972, கியர்பாக்ஸ் 1965 என்று ஆனபின் அந்த வண்டிக்கு வருடம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு சாமானும் எதைத் தொடுகிறது என்று பாருங்கள். ரிலீஸ் பேரிங் கியர்பாக்ஸைச் சேர்ந்தது, ஆகவே 1965. கிளட்ச் பிளேட்டின் வெளிவிட்டம் ஃப்ளைவீலைப் பொறுத்தது, ஆகவே 200 மி.மீ., அதன் நடு ஸ்ப்லைன், அதாவது ஷாஃப்டில் கோக்கிற பல், கியர்பாக்ஸ் ஷாஃப்டைப் பொறுத்தது, நல்ல வேளையாக 180-க்கும் 200-க்கும் பீட்டிலில் ஸ்ப்லைன் ஒன்றேதான். பிரஷர் பிளேட்டுக்கு இரண்டு முகம். ஃப்ளைவீலில் போல்ட் ஆகிற பக்கம் எஞ்சினைப் பார்த்து 200 மி.மீ., நடுப்பக்கம் கியர்பாக்ஸைப் பார்த்து வளையத்தோடு. அதாவது உங்களுக்கு வேண்டியது 200 மி.மீ. வளையம் உள்ள பிளேட், காது வைத்த பழைய வகை பேரிங். 1967 முதல் 1970 வரை வந்த 1500, 1600 வண்டிகளுக்கு இந்தச் சேர்க்கைதான், அதனால் புதிதாகவே கிடைக்கும்.

வருடத்தை நம்பாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவுக்குப் போன பீட்டிலில் 1967 மாடலிலேயே 12 வோல்ட் வந்துவிட்டது, ஐரோப்பாவில் அது அடுத்த மாடலில்தான், அதிலும் மலிவு 1200-இல் 6 வோல்ட் இன்னும் கொஞ்ச காலம் ஓடியது. கடைசி பீட்டில் மெக்சிகோவில் உள்ள புவெப்லா ஆலையிலிருந்து 2003 ஜூலை 30 அன்று இறங்கியது, மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல். இத்தனை காலம், இத்தனை நாடு, பெட்டி மேல் ஒட்டுகிற ஒரு துண்டுக் காகிதம் இதையெல்லாம் எப்படிச் சொல்லும்?

உதறல் பற்றி. பேரிங் சரியானதும் அது குறையலாம், ஆனால் முழுக்கப் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், பீட்டிலில் உதறலுக்கு மற்ற காரணங்களும் நிறைய. கிளட்ச் கேபிள் கியர்பாக்ஸ் பக்கத்தில் ஒரு வளைந்த ரப்பர் உறைக்குள் போகிறதே, அந்த வளைவுக்கே ஒரு அளவு உண்டு, 25 முதல் 45 மி.மீ. வரை தொங்க வேண்டும். நேராக இழுத்துக் கட்டியிருந்தால் எவ்வளவு நல்ல கிளட்ச் போட்டாலும் உதறும். கியர்பாக்ஸ் ரப்பர் மவுண்ட் வெடித்திருந்தாலும் உதறும். பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தாலும் உதறும். கேபிளும் மவுண்ட்டும் எஞ்சினை இறக்காமலே பார்க்கக்கூடியவை, முதலில் அதைப் பாருங்கள். பெடலில் 10 முதல் 20 மி.மீ. ஃப்ரீ பிளே, அதாவது எதையும் அழுத்தாத சும்மா ஓட்டம், இருக்கட்டும்.

போர்மேனிடம் சண்டை வேண்டாம். அவர் செய்த கஷ்டமான வேலை, அந்த கிரைண்டிங், சரியாகத்தான் இருக்கிறது. செட்டை வாங்கிக் கொடுத்தது நீங்கள்.

கேள்வி: கிரைண்டிங், ஸ்டார்ட்டர் மாற்றம் எதுவும் வேண்டாம் என்று என்னுடைய பழைய 1200-இன் ஃப்ளைவீலையே 1600 எஞ்சினில் மாட்டலாம் என்று நினைக்கிறேன். 6 வோல்ட் பீட்டில்தான். செய்யலாமா?
வாசகர், சிங்கப்பூர்

பதில்: யோசனை நல்ல யோசனை, வீல்தான் தவறான வீல். அந்தப் பழைய 1200-இல் கிராங்குக்கும், அதாவது எஞ்சினின் சுழல் தண்டுக்கும், ஃப்ளைவீலுக்கும் நடுவில் கேஸ்கெட் வைத்து எண்ணெயை அடைப்பார்கள். பின்னால் வந்த எஞ்சின்களில் வீலின் உள்பக்கம் பள்ளம் வெட்டி ஓ-ரிங் போட்டிருப்பார்கள். பழைய வீலைப் புதுக் கிராங்கில் முடுக்கினால் சரியாக உட்காராது, எண்ணெய் கசியும், கசிகிற எண்ணெய் போய்ச் சேருகிற இடம் கிளட்ச் பிளேட்.

ஓ-ரிங் உள்ள 109 பல் வீல் என்று ஒன்று உண்டு, 1966 மாடல் 6 வோல்ட் 1300-இல் வந்தது. அது 1600 கிராங்கில் உட்காரும், ஹவுசிங்கைத் தொட வேண்டியதில்லை, பழைய ஸ்டார்ட்டரும் அப்படியே இருக்கலாம். ஆனால் கிளட்ச் 180 மி.மீ. ஆகிவிடும். 1200-இன் 34 குதிரைச் சக்திக்குப் போட்ட அளவு அது, 1600-இல் 50. நிதானமாக ஓட்டுகிறவர் என்றால் தாங்கும், மேட்டில் நாலு பேரோடு ஏறுகிறவர் என்றால் சீக்கிரம் வழுக்க ஆரம்பிக்கும். நானாக இருந்தால் 200 மி.மீ. பக்கம்தான் போவேன்.

எந்த வீலானாலும் ஒரு விஷயத்தை விடாதீர்கள். வீலை மாற்றினால் கிராங்கின் எண்ட் பிளே, அதாவது அது முன்னும் பின்னும் நகர்கிற அளவு, மாறும். வீலுக்குப் பின்னால் இருக்கிற மூன்று ஷிம்மை, அந்த மெல்லிய வளையத் தகடுகளை, வைத்து அதை 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் கொண்டுவர வேண்டும், டயல் கேஜ் இல்லாமல் இதைச் செய்யவே முடியாது. பழைய ஷிம்மையே போட்டு மூடினால் ஒன்று கிராங்க் இறுகும், இல்லை முன்னும் பின்னும் ஆடி மெயின் பேரிங்கைத் தின்னும். நடுவில் உள்ள அந்தப் பெரிய 36 மி.மீ. நட்டுக்கு 35 கிலோகிராம்-மீட்டர் முடுக்கு. சாதாரண ஸ்பானரில் தொங்கினாலும் அது வராது, நீளக் குழாய் போட்டு, வீலைப் பூட்டி, அளந்து முடுக்குங்கள். அந்த நட்டுக்குள் இருக்கிற நீடில் பேரிங்கில் கொஞ்சம் கிரீஸ் வைக்க மறக்க வேண்டாம். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான், கூடினால் அதுவும் பிளேட்டுக்குத்தான் போகும்.

கேள்வி: ஐயா, எங்களுடையது மொறிஸ் மைனர் 1000, 948 எஞ்சின். கொழும்பில் ஒரு 1098 எஞ்சின் கிடைத்தது, எடுத்துப் போட்டோம். கியர்பாக்ஸ் பழையதுதான். கராஜ்காரர் 1098-இன் ஃப்ளைவீல், பிரஷர் பிளேட்டோடு எங்களிடம் இருந்த பழைய கிளச் பிளேட்டையே போட்டுவிட்டார், ஷாஃப்டில் சரியாக ஏறியது, அதனால் பரவாயில்லை என்றார். ஒரு மாதம் நன்றாக ஓடியது. இப்போது டொப் கியரில் எஞ்சின் கத்துகிறது, கார் போகுதில்லை.
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஷாஃப்டில் ஏறியது என்பது பாதிப் பொருத்தம்தான். 948 மைனரின் கிளச் 6¼ அங்குலம். 1962-இல் 1098 வந்தபோது அதை 7¼ அங்குலமாக்கினார்கள். இப்போது உங்கள் காரில் 7¼ பிரஷர் பிளேட், நடுவில் 6¼ தட்டு. பெரிய பிளேட்டின் அழுத்தும் முகம் ஒரு வளையம், அதன் உள்பகுதி வெற்றிடம், சின்னத் தட்டின் ஃபேசிங்கில், அதாவது உராய்ந்து பிடிக்கும் பட்டையில், பாதி அந்த வெற்றிடத்துக்கு நேரே நிற்கிறது, வெளி ஓரம் மட்டும்தான் பிடிக்கிறது. அந்த ஓரம் தேயும்வரை ஓடும். உங்களுக்கு ஒரு மாதம் தாங்கியதே அதிகம்.

நல்ல வழி, 1098-இன் கியர்பாக்ஸையும் சேர்த்துத் தேடி எடுப்பது. வெளியே வரி வரியாக மேடு வைத்த கேஸ் என்றால் 1098, வழுவழு கேஸ் என்றால் 948, படுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கியர் சத்தமில்லாமல் விழ உதவுகிற சிங்க்ரோவும் அதில் மேல். முதல் கியருக்கு இரண்டிலுமே சிங்க்ரோ கிடையாது, அதற்கு ஆசைப்பட வேண்டாம். எஞ்சினும் பெட்டியும் நடுவில் உள்ள தகடும் ஒரே காரிலிருந்து வந்தால் தலைவலியே இல்லை. 948 பெட்டியோடுதான் ஓட்டுவேன் என்றால் ஃப்ளைவீல், பிளேட், தட்டு மூன்றும் ஒரே அளவாக இருக்கட்டும், எந்த அளவானாலும். 7¼ போட்டால் அந்தப் பழைய ஹவுசிங்குக்குள் எங்கும் உரசவில்லையா என்று மேலே எழுதிய மை வித்தையைச் செய்து பாருங்கள்.

உங்கள் காரின் ரிலீஸ் பேரிங் பந்து பேரிங் இல்லை, கரி. அந்தக் கரி வழுவழுப்பான வளையத்தின் மேல்தான் ஓட முடியும். எம்.ஜி. மிட்ஜெட் 1275 காரின் கிளச் நன்றாக இருக்கிறது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அது 6½ அங்குலம், டயஃப்ரம் வகை, நடுவில் வளையம் இல்லாத பிளேட்டாக இருந்து விரல்களின் மேல் கரியை நேராக அழுத்தினால் அரைத்துத் தள்ளிவிடும். போதாததற்கு மிட்ஜெட்டில் கிளச் ஹைட்ராலிக், மைனரில் கம்பி இணைப்பு. தொண்ணூறுகளில் பெட்ரோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டிய ஊர் உங்களுடையது, அந்தக் கராஜ்காரருக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. அளவை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பெட்ரோல் அம்பாசடரில் டீசல் எஞ்சின் ஏற்றியிருக்கிறேன். எஞ்சின் வேறு கம்பெனி, கியர்பாக்ஸ் அம்பாசடருடையது, நடுவில் லேத்தில் கடைந்த அடாப்டர் பிளேட். கிளட்ச் முழுக்க மிதித்தாலும் ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் இரண்டும் புதுசு.
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ரிவர்ஸ் கரகரத்தால் இன்புட் ஷாஃப்ட் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புது பிளேட் போட்டும் வருகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அடாப்டரின் தடிமனையும், கிராங்கின் நடுவில் ஷாஃப்ட் முனையைத் தாங்குகிற பைலட் புஷ்ஷையும்.

அடாப்டர் அரை அங்குலம் என்று வையுங்கள். அந்த அரை அங்குலம் கியர்பாக்ஸ் பின்னால் தள்ளிப் போயிருக்கிறது. அதனால் ஷாஃப்டின் முனை கிராங்கில் உள்ள புஷ்ஷுக்குள் அரை அங்குலம் குறைவாகத்தான் போகும், போகாமலே கூட இருக்கலாம். போகாவிட்டால் முனை அந்தரத்தில் ஆடும், பிளேட் சாய்ந்து ஒரு ஓரம் வீலைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ரிலீஸ் பேரிங்கும் அதே அளவு தள்ளிப் போயிருக்கிறது, பெடலின் பாதி ஓட்டம் விரலைத் தொடுவதற்கே செலவாகிவிடும். கையில் வெர்னியர் இருந்தால் பெட்டியை இறக்கியதும் இரண்டு அளவு எடுங்கள். ஹவுசிங் முகத்திலிருந்து ஷாஃப்ட் முனை வரை ஒன்று, அடாப்டர் முகத்திலிருந்து புஷ்ஷின் வாய் வரை ஒன்று. முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் முனை எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரிந்துவிடும்.

புஷ் இறுக்கமாக இருந்தாலும் இதே சத்தம்தான். கிராங்க் ஒரு கம்பெனி, ஷாஃப்ட் ஒரு கம்பெனி, ஆகவே புஷ்ஷைக் கட்டாயம் கடைந்துதான் போட்டிருப்பார்கள். கையால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும், ஆட்டமும் தெரியக்கூடாது. எண்ணெய் உறிஞ்சும் வெண்கலப் புஷ் என்றால் மாட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி எஞ்சின் ஆயிலில் ஊறப்போடுங்கள்.

இது இரண்டும் சரியாக இருந்தால் மையம். ஃப்ளைவீலில் டயல் கேஜைக் கட்டி, ஹவுசிங்கின் நடுத் துளையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிப் பாருங்கள், முள் 0.1 மி.மீ. சுற்றுவட்டத்தில் நின்றால் சந்தோஷம், அரை மி.மீ. ஓடினால் அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, இடம் நகராமல் நிறுத்துகிற டவல் பின் வைத்து வேறு செய்யச் சொல்லுங்கள். போல்ட் துளை மையத்தைப் பிடிக்காது, பின்தான் பிடிக்கும். இதைச் சொன்னால் சில லேத்காரர்களுக்குக் கோபம் வருகிறது.

எஞ்சின் மாற்றியதை ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துவிட்டீர்கள்தானே?

கேள்வி: சார், என்னிடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் எஞ்சினை மாற்றியிருக்கிறார், எதிலிருந்து எடுத்தது என்று தெரியவில்லை. கிளட்ச் போய்விட்டது. உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் கேட்டால் என்ன வண்டி, என்ன வருஷம் என்கிறார்கள், என்ன பதில் சொல்வது?
வாசகர், சென்னை

பதில்: பதில் சொல்லாதீர்கள், சாமானைக் காட்டுங்கள். ஹெரால்ட் உங்கள் ஊரிலேயே தயாரான வண்டி, 948 சி.சி.யோடு வந்தது, ஆனால் அந்தத் தகவலால் இப்போது உங்களுக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. பெட்டியை இறக்கும்வரை எதையும் வாங்க வேண்டாம். மெக்கானிக் செட்டை வாங்கி வைத்துக்கொண்டு இறக்கலாம், ஒரே நாளில் முடிந்துவிடும் என்பார், அந்த ஒரு நாள் ஆசைதான் நாலு தடவை கடைக்கு நடக்க வைக்கிறது.

இறக்கியதும் பழைய பிளேட்டின் வெளிவிட்டத்தை அளந்து, ஸ்ப்லைன் பல்லை எண்ணி, ஷாஃப்டின் தடிமனையும் குறித்துக்கொள்ளுங்கள். பல் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்து தடிமன் வேறாக இருப்பதும் உண்டு. பிரஷர் பிளேட்டின் போல்ட் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம், டவல் பின் எத்தனை, நடுவில் வளையம் உண்டா இல்லையா, எல்லாம் எழுதுங்கள். எல்லாரும் விட்டுவிடுகிற அளவு ஒன்று இருக்கிறது, பிளேட்டை வீலில் முழுக்க முடுக்கியபின் வீலின் முகத்திலிருந்து விரல் நுனி வரை உள்ள உயரம். புதுப் பிளேட்டில் அது அஞ்சாறு மி.மீ. குறைந்தாலே பெடல் அடி வரை போய்விடும், கூடினால் ஃப்ரீ பிளே கிடைக்காது, பேரிங் எப்போதும் அழுந்தியபடியே ஓடும். அப்புறம் பழைய சாமான்களை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். போட்டோ மட்டும் எடுத்துப் போனால் போட்டோ மாதிரியே இருக்கிற வேறொன்றைத்தான் கொண்டு வருவீர்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, உள்ளே இருந்த பழைய செட்டே முன்னவர் ஏதோ ஒப்பேற்றி மாட்டியதாக இருக்கலாம். பழைய பிளேட்டில் ஃபேசிங் முழு அகலமும் தேய்ந்திருக்கிறதா, பேரிங் பட்ட தடம் சரியான வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். தடம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் அதை மாதிரியாக வைத்து வாங்குவது அதே தப்பை இன்னொரு தடவை காசு கொடுத்து வாங்குவதுதான்.

கேள்வி: கிளட்ச் பிளேட்டைத் திருப்பி மாட்டிவிட்டோமோ என்று சந்தேகம். கிளட்ச் விடவே மாட்டேன் என்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகர், மதுரை

பதில்: இறக்காமல் கண்டுபிடிக்க வழியில்லை. இறக்கியதும் பிளேட்டை மட்டும் வெறும் கையால் ஃப்ளைவீலில் வைத்துப் பாருங்கள், ஃபேசிங் தட்டையாக ஒட்ட வேண்டும். நடு மூக்கோ ஸ்பிரிங் கூடோ வீலின் போல்ட்டில் இடித்துப் பிளேட் தூக்கி நின்றால் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். பெரும்பாலான பிளேட்டுகளில் ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருக்கிற பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்கும், பலவற்றில் எந்தப் பக்கம் என்று அச்சடித்தே இருக்கும். ஆனால் எஞ்சின் மாற்றிய வண்டியில் அச்சை நம்புவதைவிட வைத்துப் பார்ப்பதையே நம்புங்கள், வீலின் போல்ட் தலை உயரம் அச்சடித்தவருக்குத் தெரியாது.

கேள்வி: எஞ்சின் இறக்கும்போதெல்லாம் ரிலீஸ் பேரிங்கை மாற்ற வேண்டுமா? பழையது சுற்றிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.
வாசகர், திருச்சி

பதில்: மாற்றிவிடுங்கள். கையில் சுற்றும்போது பளு இல்லை, எல்லா பேரிங்கும் நன்றாகத்தான் சுற்றும். செலவு குறைவு, இறக்குகிற கூலி அதிகம். மாற்ற முடியாது, பழையதுதான் போட வேண்டும் என்றால் துணியால் துடைத்து மட்டும் போடுங்கள், பெட்ரோலில் கழுவ வேண்டாம். மூடிய பேரிங்கின் உள்ளே கம்பெனி வைத்த கிரீஸ் கரைந்து போய்விடும், திரும்ப வைக்க வழி கிடையாது.